கம்பம் பள்ளத்தாக்கில் மருத்துவப் படப் பரிசோதனை

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகிய பரிசோதனைகளுக்காக மக்கள் மேற்கொண்ட பயணமும் காத்திருப்பும் அவை குறைந்துவந்த விதமும் இக்கட்டுரையின் பொருள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாடு, மேகமலைக் குன்றுகளுக்கும் இடையே முல்லைப்பெரியாறு பாயும் இப்பகுதியில் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்கள் ஒரே நெடுஞ்சாலையில் வரிசையாக அமைந்துள்ளன. படம் எடுக்க ஆவது சில நிமிடம். நோயாளியின் ஒரு நாள் கூலியைத் தின்பது அதற்கு முன்னும் பின்னும் கழியும் நேரமே.

தொடக்க வரலாறு

பென்னி குயிக் கட்டிய பெரியாறு அணை திறக்கப்பட்டது 1895 அக்டோபரில். அடுத்த மாதம், நவம்பர் 8 அன்று, ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். தண்ணீர் உடனே பள்ளத்தாக்குக்கு வந்தது; கதிர் வரப் பல பத்தாண்டுகள் ஆயின. சென்னைப் பொது மருத்துவமனைக்கு எக்ஸ்ரே கருவி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அங்கு கேப்டன் பர்னார்டின் முயற்சியால் உருவாகி, அவர் பெயரையே தாங்கிய கதிரியல் நிலையம் 1934இல் திறக்கப்பட்டது. தென்மாவட்டத்தாருக்கு நம்பிக்கை மதுரை எர்ஸ்கின் மருத்துவமனை, அதாவது இன்றைய அரசு இராசாசி மருத்துவமனை. தேனியிலிருந்து மதுரை ஏறத்தாழ 75 கிலோமீட்டர். கம்பத்திலிருந்து புறப்படுவோருக்கு மேலும் 40. 1928இல் அமைந்த மதுரை–போடி ரயில் பாதை தேனியோடு மேற்கே திரும்பிவிடுவதால், கம்பத்தாருக்கும் கூடலூராருக்கும் பேருந்தே கதி.

எக்ஸ்ரே குழாய்க்குப் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் வேண்டும். 1950களின் இறுதியில் கூடலூரை அடுத்த லோயர்கேம்பில் பெரியாறு நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் வந்த பின்னும் மின்னழுத்தம் ஏறி இறங்கினால் படம் வெளுத்தோ கருத்தோ போகும். நோயாளியை மீண்டும் மேசையில் கிடத்துவார்கள். கதிர்வீச்சும் இரு மடங்காகும்.

இருட்டறை

ஃபிலிம் காலத்தில் எக்ஸ்ரே பிரிவின் வேகத்தைத் தீர்மானித்தது இருட்டறைதான். சிவப்பு விளக்கொளியில் ஃபிலிமை முதலில் டெவலப்பரிலும், அடுத்து ஃபிக்ஸரிலும் தோய்த்து, ஓடும் நீரில் அலசி, கம்பியில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். டெவலப்பர் 20 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால்தான் படம் ஒழுங்காக வரும். சித்திரை வெயிலில் அது எளிதில் கைகூடாது. கரைசல் சூடேறினால் ஃபிலிமின் பூச்சு இளகிவிடும். அவசரத்துக்கு ஈரப் படத்தையே வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். மற்றவர்களுக்கு, “நாளைக்கு வந்து வாங்கிக்கங்க” என்ற பதில். மலையடிவாரத்து ஊர்க்காரருக்கு அந்த “நாளைக்கு” இன்னொரு பேருந்துக் கட்டணம், இன்னொரு நாள் கூலி இழப்பு.

இந்த இழப்பு பெரிதும் காசநோயாளிகள் மேல் விழுந்தது. 1956இல் தொடங்கிய சென்னை ஆய்வு, சானடோரியத்தில் சேராமல் வீட்டிலிருந்தே மருந்து உண்டாலும் காசநோய் குணமாகும் என்று காட்டியது. குடும்பத்தைப் பிரியாமல் பிழைக்க வழி செய்த பேருதவி அது. ஆனால் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோது பக்கத்து அறையில் முடிந்த நெஞ்சுப் படத்துக்கு, வீட்டிலிருந்தவர் ஒவ்வொரு முறையும் பயணப்பட வேண்டியதாயிற்று.

ஃபிலிமுக்குப் பதில் தகட்டில் பதிந்து கணினியில் காணும் முறை 1980களில் உலகச் சந்தைக்கு வந்தது. எந்த நிறுவனத்தின் கருவியில் எடுத்த படத்தையும் எங்கும் திறந்து பார்க்க உதவும் டைகாம் தரநிலை 1993இல் அமைந்தது. இருட்டறை ஒழிந்ததே இத்துறையில் நோயாளிக்குக் கிடைத்த முதன்மையான நன்மை. பின்னர் வந்த எந்தப் பெரிய எந்திரமும் இவ்வளவு பேருக்கு இவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தவில்லை.

ஸ்கேனும் சட்டமும்

கருவில் உள்ள சிசுவைக் காட்டும் அல்ட்ராசவுண்ட், இவ்வட்டாரத்தில் பெண் சிசுவுக்கு எதிரான ஆயுதமாகவும் மாறக்கூடியதாயிற்று. அண்டையிலுள்ள உசிலம்பட்டியின் பெண் சிசுக்கொலைகள் 1980களில் நாடறிந்த செய்தியாயின. பெற்றோர் கைவிடும் பெண் சிசுக்களை அரசே ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டம், 1992இல் சேலத்தில் தொடங்கி, 2001இல் தேனிக்கும் விரிந்தது. பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டப்படி ஸ்கேன் செய்யும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எஃப் படிவம் நிரப்புவதால் வரிசை தாமதமாகிறது என்று மருத்துவர்கள் சொல்வதுண்டு. இந்தப் பகுதியின் வரலாற்றை அறிந்தவர்க்கு அது வீண் தாமதமல்ல. நிரப்பும் வேலையை உதவியாளர் முன்கூட்டியே தொடங்கினால், மருத்துவர் சரிபார்த்துக் கையெழுத்திடுவது மட்டுமே மிஞ்சும்.

காத்திருப்பின் கூறுகள்

ஓ.பி. சீட்டு, மருத்துவர் எழுதும் பரிந்துரை, பதிவு, டோக்கன், படம், அறிக்கை, மீண்டும் மருத்துவர் என்று நோயாளி பல வாசல்களைக் கடக்கிறார். தயாரிப்பைச் சரியாகச் சொல்லாதது கொடிய தாமதம். வயிற்று ஸ்கேனுக்குப் பட்டினி வேண்டும்; அடிவயிற்று ஸ்கேனுக்குச் சிறுநீர் முட்ட வேண்டும். முதல் பஸ்ஸுக்கு டீயும் பன்னும் சாப்பிட்டு வந்த ஏலத்தோட்டத் தொழிலாளியைத் திருப்பி அனுப்பினால், அவர் மறுமுறை வருவாரா என்பது உறுதியில்லை. பரிந்துரைச் சீட்டின் பின்புறமே தமிழில் இதை அச்சிட்டுத் தருவது செலவில்லாத தீர்வு. சர்க்கரை நோயாளிகளைக் காலையில் முதலாவதாக எடுப்பதும், சாயம் ஏற்றும் சி.டி.க்கு முன் வேண்டிய, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சோதனையை முந்தைய வருகையிலேயே முடிப்பதும், தொலைவிலிருந்து வருவோருக்குப் பேருந்து நேரத்தை ஒட்டி முறை ஒதுக்குவதும் இவ்வகையினவே.

குமுளி, போடிமெட்டு மலைச்சாலைகளின் விபத்துகள் நேரம் பார்த்து வருவதில்லை. அடிபட்டவரை உள்ளே எடுக்கையில் வரிசை நின்றுபோகும். காரணத்தை வெளியே வந்து சொன்னால் காத்திருப்போர் பொறுப்பார்கள், சொல்லாவிட்டால் சண்டை வரும். பெண்களுக்கு உடை மாற்ற மறைப்பும் உடனிருக்கப் பெண் உதவியாளரும் தேவை. எம்.ஆர்.ஐ. குழலுக்குள் எழும் ஓசையை முன்பே சொல்லிவைத்தால் நோயாளி அசையாமல் கிடப்பார். படத்தைத் திரும்ப எடுக்கவும் நேராது.

இன்றைய நிலை

1996இல் மதுரையிலிருந்து தேனி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. ஆண்டிபட்டி அருகே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி 2004இல் நிறுவப்பட்டது. அரசு மருத்துவமனைகளின் சி.டி., எம்.ஆர்.ஐ. மையங்களை, 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் குறைந்த கட்டணத்தில் நடத்துகிறது. தனியார் ஸ்கேன் மையங்களும் பெருகியுள்ளன. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட ரயில் 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் திரும்பியது. கம்பத்துக்கு ரயில் இல்லை.