கமரூன் புல்வெளிப் புகைக்குழாய்கள்

கமரூன் புல்வெளிப் புகைக்குழாய்கள் என்பவை, மேற்கு ஆப்பிரிக்காவும் நடு ஆப்பிரிக்காவும் சந்திக்கும் கமரூன் நாட்டின் மேற்கு மேட்டுநிலங்களில் வாழும் பமும், பமிலேக்கே முதலிய மக்கள் சுடுமண்ணாலும் பித்தளையாலும் செய்த சுங்கான்கள் ஆகும். இவை புகைபிடிக்கும் கருவிகளாக மட்டுமன்றி, உடையவரின் தகுதியை அறிவிக்கும் அடையாளங்களாகவும் விளங்கின.

தோற்றம்

புகையிலைச் செடியின் தாயகம் அமெரிக்கா. ஐரோப்பியரின் கடல் வணிகத்தின் வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி அது மேற்கு ஆப்பிரிக்காவில் பரவத் தொடங்கியது. இதனால், அப்பகுதி அகழாய்வுகளில் சுங்கான் துண்டுகள் கிடைக்கும் மண்ணடுக்கு பெரும்பாலும் ஏறத்தாழ 1600ஆம் ஆண்டுக்குப் பிற்பட்டது எனத் தொல்லியலாளர் கணிக்கின்றனர். மிகப் பழமையானதாகத் தோன்றும் இம்மரபு, உண்மையில் வெளியிலிருந்து வந்த ஒரு செடியைச் சுற்றி வளர்ந்ததாகும்.

அமைப்பும் தகுதியும்

சுங்கானில் புகையிலை இடும் கிண்ணம், நீண்ட தண்டு என இரு பகுதிகள் உண்டு. பொதுமக்களின் கிண்ணங்கள் எளிய சுடுமண்ணால் ஆனவை. பெண்களும் புகைபிடித்தனர், அவர்களுடைய சுங்கான்கள் சிறியவை, அலங்காரம் குறைந்தவை. அரசருக்கும் உயர்குடியினருக்கும் உரியவை உருவங்கள் செறிந்தவை. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் களிமண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் பித்தளையை ஊற்றி வார்க்கும் முறையில் உலோகச் சுங்கான்கள் செய்யப்பட்டன. இவற்றுட் சில ஒரு மீட்டரினும் நீளமானவை. அத்தகையவை புகைப்பதற்கு வசதியானவை அல்ல. விழாக்களில் பலரும் காண ஏந்துவதற்கே ஏற்றவை.

உருவங்கள்

யானையும் சிறுத்தையும் அரச ஆற்றலைக் குறிப்பன. இருதலைப் பாம்பு, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட பமும் அரசர் ம்புவெம்புவே ஒரே வேளையில் இரு முனைகளில் போரிட்டு வென்றதை நினைவூட்டுவதாகும். நிலச்சிலந்தி அறிவின் சின்னம். சிலந்தி வளையின் வாயிலில் குறியிட்ட இலைத்துண்டுகளை வைத்து, சிலந்தி அவற்றைக் கலைத்துள்ள விதத்தைக் கொண்டு குறி சொல்லும் வழக்கம் இம்மக்களிடம் உண்டு. ஆகவே கிண்ணத்தில் உள்ள சிலந்தியை வெறும் அழகு வேலைப்பாடாகக் கொள்ளுதல் பிழையாகும்.

பிற்காலம்

பமும் எழுத்துமுறையை உருவாக்கிய அரசர் ஞோயா, கைவினைஞர்களை அரண்மனையில் ஆதரித்தார். பிரெஞ்சு ஆட்சியினர் அவருடைய அதிகாரத்தைப் பறித்து, 1931இல் யவுண்டேவுக்கு நாடு கடத்தினர். அங்கு அவர் 1933இல் காலமானார். அரண்மனை ஆதரவு குன்றியபின் ஃபும்பான் நகரக் கைவினைஞர் வெளியார்க்கு விற்பதற்காகவும் சுங்கான்களைச் செய்யலாயினர். தகுதி உடையவர் மட்டுமே கொள்ளத்தக்க உருவங்கள், விலை கொடுப்பவர் எவரும் பெறத்தக்கவை ஆயின. அருங்காட்சியகங்களில் உள்ள பல சுங்கான்களுக்கு உடையவரின் பெயர் குறிக்கப்படவில்லை. அது தெரியாதபோது அச்சுங்கான் யாருடைய தகுதியைச் சொன்னது என்பதும் தெரியாமற் போகிறது.

2024இல் ஃபும்பானில் திறக்கப்பட்ட பமும் அரசர்களின் அருங்காட்சியகக் கட்டடம், சிலந்தியும் இருதலைப் பாம்பும் இணைந்த வடிவில் அமைந்துள்ளது.