‘ஜகன்மோகினி’யின் முதலாளியம்மா

மைசூர் அரண்மனையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது அக்ரஹாரம். பெயரில்தான் அக்ரஹாரம், இன்று அது வண்டி ஹாரன் ஓயாத ஒரு சர்க்கிள். நூற்றொரு கணபதி கோயிலைத் தாண்டிப் பழைய வீடுகள் சில மிஞ்சியிருக்கின்றன. மைசூர் ஐயங்கார் வீடுகளில் உள்ளே பேசுவது தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். அந்தத் தமிழில் பாதி கன்னடம் என்று நம் ஊர்க்காரர்கள் கேலி செய்வதும் உண்டு.

இந்த அக்ரஹாரத்திலிருந்து 23 கிலோமீட்டர் தெற்கே நஞ்சன்கூடு. 1887-இல் அங்கே ஒரு வக்கீல் ஐயங்கார் வீட்டில் பிறந்தவர் திருமலாம்பா. பத்து வயதில் கல்யாணம், பதினான்கில் கைம்மை. தகப்பனார் மகளை மூலையில் உட்கார வைக்காமல் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். 1913-இல் ‘சதிஹிதைஷிணி’ என்ற பெயரில் சொந்தமாகப் புத்தகங்களை வெளியிடத் தொடங்கினார் திருமலாம்பா. பிறகு ‘கர்நாடக நந்தினி’ என்ற மாத இதழையும் நடத்தினார். கன்னடத்தின் முதல் பெண் பதிப்பாளர் என்று அவரைச் சொல்கிறார்கள். 1982-இல் 95-வது வயதில் அவர் காலமானது நம் சென்னையில். இங்கே எத்தனை பேருக்கு அது தெரியும்?

திருமலாம்பாவை விரிவாக இன்னொரு வாரம் பார்க்கலாம். அவரைப் போலவே வைணவக் குடும்பம், அவரைப் போலவே பால்ய விவாகம், அவரைப் போலவே சொந்தப் பதிப்பு. ஆனால் கணவர், மகன், மாமியார் என்று நிறைந்த வீட்டுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு 35 வருஷம் ஒரு பத்திரிகையை நடத்திக் காட்டிய தமிழ்ப் பெண்மணி, திருவல்லிக்கேணி வை.மு. கோதைநாயகி அம்மாள். இந்த வாரம் அவர் கதை.

கோதைநாயகி பிறந்தது 1901 டிசம்பர் 1. தகப்பனார் நீர்வளூர் வெங்கடாச்சாரி. ஒரு வயதிலேயே தாயை இழந்த குழந்தை, பாட்டியிடமும் சித்தியிடமும் வளர்ந்தது. ஐந்தரை வயதில் கல்யாணம். மாப்பிள்ளை வை.மு. பார்த்தசாரதிக்கு ஒன்பது வயது. ‘வை.மு.’ என்றால் வைத்தமாநிதி முடும்பை. கம்பராமாயண உரையால் தமிழ் படித்தவர்கள் எல்லாரும் அறிந்த வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் அதே குடும்பத்தவர். அப்படி ஒரு தமிழ்ப் புலமை மிக்க வீட்டுக்கு வந்த மருமகளுக்குப் பள்ளிக்கூடம் என்பதே கிடையாது. எழுதவும் தெரியாது.

கதை சொல்ல மட்டும் தெரியும். அக்கம்பக்கத்துக் குழந்தைகளைச் சுற்றி உட்கார வைத்து இட்டுக்கட்டிச் சொல்வார். மனைவியின் ரசனையைப் புரிந்துகொண்ட பார்த்தசாரதி அவரை நாடகங்களுக்குக் கூட்டிப் போனார். பார்த்துவிட்டு வந்த கையோடு தானே ஒரு நாடகம் செய்ய வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. எழுதத் தெரியாவிட்டால் என்ன? தோழி பட்டம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, இவர் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அப்படிப் பிறந்ததுதான் ‘இந்திர மோகனா’. 1924-இல் அச்சில் வந்தது. பிற்பாடு அதே தோழியிடம்தான் கோதைநாயகி எழுதவே கற்றுக்கொண்டார். முதல் புத்தகத்தை வெளியிட்ட பிறகு எழுதப் பழகிய எழுத்தாளர் வேறு யாராவது இருக்கிறார்களா என்று யோசித்துப் பார்க்கிறேன். சட்டென்று யாரும் நினைவுக்கு வரவில்லை.

அடுத்து ‘வைதேகி’ என்ற நாவல். அப்போது நாவல் சந்தையை ஆண்டவர்கள் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகிய மூவரும். துப்பறியும் கதை, ஆள்மாறாட்டம், கடைசி அத்தியாயத்தில் முடிச்சவிழ்ப்பு என்று வாசகர்களைக் கட்டிப்போட்டிருந்தார்கள். ‘மனோரஞ்சினி’ என்ற இதழையும் நடத்திவந்த வடுவூரார் ‘வைதேகி’யைப் பார்த்துக் கொடுத்தார். அதோடு, நின்றுபோய்க் கிடந்த ‘ஜகன்மோகினி’ என்ற மாத இதழை விலைக்கு வாங்கிக்கொள்ளவும் வழிகாட்டினார். 1925-இல் இதழ் கோதைநாயகியின் கைக்கு வந்தது. ‘வைதேகி’ அதில் தொடராக வெளியானது.

பெண்களுக்கான பத்திரிகைகள் அதற்கு முன்னும் உண்டு. 1905-இல் தொடங்கிய ‘சக்கரவர்த்தினி’க்கு பாரதியாரே ஆசிரியராக இருந்தார். பண்டிதை விசாலாட்சி அம்மாள் ‘ஹிதகாரிணி’ நடத்தினார். ஆனால் அந்தக் காலத்துப் பத்திரிகைகள் பெரும்பாலும் ஆசை இருக்கிற வரை ஓடும், கையிருப்பு தீர்ந்ததும் நிற்கும். ‘ஜகன்மோகினி’ அப்படி நிற்காததுதான் விசேஷம்.

அது எப்படி நிற்காமல் ஓடியது என்று புரிய, அன்றைய நாவல் மாத இதழ்களின் தொழில் முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு எழுத்தாக அச்சுக் கோத்த காலம் அது. ஒரு பாரத்தைக் கோத்து, புரூப் திருத்தி, அச்சேற்றிவிட்டால் அந்த ஈய எழுத்துகளை உடனே கலைத்துப் பெட்டியில் போட்டாக வேண்டும். அடுத்த பாரத்துக்கு அதே எழுத்துகள்தான். அதனால் கலைப்பதற்கு முன்பே தொடர்கதைப் பக்கங்களைக் கூடுதலாக அடித்து வைப்பார்கள். தொடர் முடிந்ததும் அவற்றைச் சேர்த்துத் தைத்தால் புத்தகம் தயார். கோர்ப்புக் கூலி ஒன்று, வரும்படி இரண்டு. சந்தாதாரருக்கு வி.பி.பி.யில் புத்தகம் போகும். தபால்காரரிடம் பணம் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். கடைக்கே போகாத வீட்டுப் பெண்களிடம் புத்தகம் போய்ச் சேர்ந்த வழி இதுதான். இந்தத் தொழிலுக்கு வேண்டிய ஒரே மூலப்பொருள், வற்றாமல் வந்துகொண்டிருக்கும் கதை. அது கோதைநாயகியிடம் தாராளமாக இருந்தது. மொத்தம் 115 நாவல்கள். பிற்காலத்தில் ‘ஜகன்மோகினி’க்கு அச்சகமும் சொந்தமாகிவிட்டது.

இத்தனை நாவல்களில் இலக்கியமாகத் தேறுபவை எத்தனை என்று விமர்சகர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நல்லவர் நல்லவராகவே இருப்பார், கெட்டவர் கடைசியில் திருந்துவார், நடுவில் பக்கம் பக்கமாக உபதேசம். நானும் சில இடங்களில் பக்கங்களைத் தள்ளியிருக்கிறேன். ஆனால் இலக்கியச் சரித்திரத்தில் நாம் கொண்டாடும் ‘மணிக்கொடி’ 1933-இல் பிறந்து சில வருஷங்களில் முடிந்துவிட்டது. அதில் எழுதியவர்கள் மேதைகள். கணக்குப் பார்க்கத்தான் ஆள் இல்லை. ‘ஆனந்த விகடன்’ 1926-இல் தொடங்கி, 1928-இல் வாசன் கைக்குப் போய்த்தான் நிமிர்ந்தது. வாசனின் வியாபார சாமர்த்தியத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியாயிற்று. அதே ஊரில், அதே வருஷங்களில், அவருக்கு மூன்று வருஷம் முன்னதாகவே நொடித்துப்போன ஒரு பத்திரிகையை வாங்கி நிமிர்த்திய பெண்மணியை ‘நாவலாசிரியை’ என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டோம். அவரை எடை போட வேண்டிய தராசு வேறு என்பது என் கட்சி.

அம்மாள் வீட்டையும் தொழிலையும் தனித்தனியாக வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கணவரும் மகனும் வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள். காந்தியடிகளைச் சந்தித்த பிறகு கதர் கட்டத் தொடங்கியவர், 1930-களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணி மறியலிலும் இறங்கிச் சிறைக்குப் போனார். முதலாளி வேலூர் சிறையில். பத்திரிகையைப் பார்த்தசாரதி கவனித்துக்கொண்டார். அம்மாள் உள்ளேயும் சும்மா இருக்கவில்லை. ‘உத்தமசீலன்’ சிறையில் எழுதியது. உடனிருந்த பெண் கைதிகளின் கதைகளைக் கேட்டு ‘சோதனையின் கொடுமை’ எழுதினார். நல்ல குரல்வளம் வேறு. மேடையில் பாடுவார், பேசுவார். காங்கிரஸ் கூட்டங்களுக்கு அவர் வருகிறார் என்றாலே ஜனம் கூடும். சினிமாவும் வந்து கதவைத் தட்டியது. 1938-இல் ‘அநாதைப் பெண்’ படமாயிற்று. அவர் மறைந்து ஆறு வருஷம் கழித்து, பத்மினி நடித்துச் சக்கைப்போடு போட்ட ‘சித்தி’க்கும் மூலக்கதை அவருடைய ‘தயாநிதி’தான்.

பெரிய சோதனை யுத்த காலத்தில் வந்தது. 1942 ஏப்ரலில், ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மதராஸ் பட்டணமே காலியானது. கையில் கிடைத்ததை மூட்டை கட்டிக்கொண்டு ஜனங்கள் ரயிலேறினார்கள். காகிதத்துக்கோ கடுமையான கட்டுப்பாடு. பல பத்திரிகைகள் பக்கத்தைச் சுருக்கின, சில மூடிவிட்டன. இந்தக் குடும்பம் செங்கல்பட்டு மார்க்கத்தில் இருக்கும் சிங்கப்பெருமாள் கோயிலுக்குக் குடிபெயர்ந்தது. குடித்தனத்தோடு ‘ஜகன்மோகினி’யும் பெயர்ந்தது. ஒரு சின்னக் கிராமத்திலிருந்து மாத இதழைக் கொண்டுவருவது இன்றைக்கே சுலபமில்லை. அம்மாள் கொண்டுவந்தார்.

சுதந்திரம் வந்த பிறகு, அவருடைய தியாகத்துக்காக அரசாங்கம் பத்து ஏக்கர் நிலம் கொடுத்தது. அதை வினோபாவின் பூதான இயக்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். காந்தியடிகள் மறைந்த 1948-இல் ‘மகாத்மாஜி சேவா சங்கம்’ தொடங்கி, ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வேண்டியதைச் செய்தார். வியாபாரிக்கு இது எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்காதீர்கள்.

சிறையும் யுத்தமும் செய்யாததை வீட்டில் நேர்ந்த ஒரு மரணம் செய்தது. 1956-இல் ஒரே மகன் சீனிவாசன் இறந்தார். அதற்குப் பிறகு அம்மாள் எழுந்து நிற்கவில்லை. உடம்பில் காசநோய் பற்றியது. தாம்பரம் சானடோரியத்தில் சேர்த்தார்கள். 1960 பிப்ரவரி 20 அன்று அங்கேயே காலமானார். குடும்பமே நிறுவனமாக இருந்தால் அதன் பலம் அதுதான், பலவீனமும் அதுதான். இன்னொரு கைக்குப் போக வழியில்லாமல் அவரோடு ‘ஜகன்மோகினி’யின் காலமும் முடிந்தது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மைசூரிலோ மாம்பலத்திலோ, உங்கள் பாட்டி வீட்டுப் பரணில் பைண்டு செய்த ‘ஜகன்மோகினி’ தொகுதிகள் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கதைப் பக்கங்களோடு விளம்பரம், சந்தா அறிவிப்பு, அட்டை எல்லாமே அந்தத் தொழிலின் சரித்திரம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமோ, புதுக்கோட்டை ஞானாலயாவோ அவற்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். ஒரு தபால் கார்டு போட்டு விசாரியுங்கள்.