கடற்போரும் கதையாசிரியனும்

சரித்திர நாவலைக் கையிலெடுக்கும் மாணவன், நம்புதற்கரிய இடங்களைக் கற்பனையென்றும் இயல்பாகத் தோன்றும் இடங்களை உண்மையென்றும் தனக்குள்ளே வகுத்துக்கொள்வது வழக்கம். இவ்வழக்கம் எத்துணைப் பிழையானது என்பதைப் பற்றிக் ஓ'பிரையன் இயற்றிய 'மாஸ்ரர் அன்ட் கொமாண்டர்' என்னும் ஆங்கில நாவல் நன்கு புலப்படுத்தும். 1969ஆம் ஆண்டில் வெளிவந்த இந்நூல், நெப்போலியன் காலத்துப் பிரித்தானியக் கடற்படையைப் பற்றி அவர் எழுதிமுடித்த இருபது நாவல்களுள் முதலாவதாகும்.

இதன் தலைவன் ஜாக் ஓப்றி, 'சோபி' என்னும் சிறு கப்பலுக்குத் தலைவனாகி, தன்னிலும் பன்மடங்கு பெரிய 'காக்காபுவேகோ' என்னும் ஸ்பானியக் கப்பலைக் கைப்பற்றுகின்றான். படிப்போர் நகைக்கத்தக்க மிகையென்றே இதனைக் கொள்வர். ஆயினும் இப்போர் நிகழ்ந்தது உண்மை. 1801ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள், பார்சலோனாவுக்கு அணித்தான கடலிலே, கொக்ரேன் பிரபு 'ஸ்பீடி' என்னும் கப்பலைக் கொண்டு 'எல் காமோ'வை வென்றார். ஸ்பீடியில் இருந்தவை பதினான்கு பீரங்கிகள். ஒவ்வொன்றின் குண்டும் நான்கு இறாத்தலே. ஒரு பக்கத்துப் பீரங்கிகள் யாவும் ஒருங்கே வீசும் குண்டுகளின் நிறை இருபத்தெட்டு இறாத்தல். அவை அனைத்தையும் தம் சட்டைப் பைகளிலே இட்டுக்கொண்டு மேற்றளத்தில் உலாவியதாகக் கொக்ரேன் பின்னாளில் நகையாடினார். எதிரியிடம் முப்பத்திரண்டு பீரங்கிகளும் 319 பேரும் இருந்தனர். ஸ்பீடியில் அன்று இருந்தோர் 54 பேர்.

வெற்றிக்குக் காரணம் வீரம் மட்டுமன்று. முதலில் அமெரிக்கக் கொடியை உயர்த்தி எதிரியை ஐயுறச் செய்து, தமக்கு வேண்டிய நிலையைக் கொக்ரேன் பெற்றுக்கொண்டார். பின்னர்ப் பகைவரின் கப்பலோடு தம் கப்பலை ஒட்டி நிறுத்தினார். ஸ்பானியரின் பீரங்கிகள் உயரத்திலே இருந்தமையால் அவற்றின் குண்டுகள் ஸ்பீடியின் பாய்களையும் கயிறுகளையும் சிதைத்து மேலாகச் சென்றன. மேனோக்கித் திருப்பப்பட்ட சிறு பீரங்கிகளோ எதிரியின் தளத்தைக் கீழிருந்து துளைத்தன. ஸ்பானியக் கப்பலின் தலைவரும் மாண்டார். இறுதியில் வைத்தியரைச் சுக்கானிலே நிறுத்திவிட்டு, ஏனையோர் அனைவரும் பகைவர் கப்பலிற் பாய்ந்தனர். கைகலப்பின் நடுவே ஸ்பானியக் கொடியை இறக்குமாறு கொக்ரேன் தம் ஆள் ஒருவரை ஏவ, தம் அதிகாரிகளே பணிந்துவிட்டனரென்று மயங்கி ஸ்பானியர் போரை விடுத்தனர். ஸ்பீடியில் இறந்தோர் மூவர். எல் காமோவில் இறந்தோர் பதினைவர், காயமுற்றோர் 41 பேர்.

ஓ'பிரையன் இதில் மிகச் சிறிதே மாற்றினார். தாம் வருணிக்கும் போர்களைக் கப்பற் குறிப்பேடுகள், அரசாங்கக் கடிதங்கள் முதலியவற்றிலிருந்து எடுத்ததாக முன்னுரையிலும் கூறியுள்ளார். ஆகவே நாவலில் நம்புதற்கரிய பகுதியே ஆவணத்துக்கு மிக அணித்தாயுள்ளது.

எனினும் ஆவணமென்று நாம் கூறுவது யாது? பீரங்கிகளின் தொகையும் இறந்தோர் தொகையும் போர் முடிந்தவுடன் கொக்ரேன் மேலதிகாரிக்கு விடுத்த சுருக்கமான கடிதத்திற் காணப்படுவன. இன்று பலரும் விரும்பி எடுத்துரைக்கும் சுவையான செய்திகளுட் பல, அவர் எண்பது வயதைக் கடந்தபின், பிறரொருவர் துணையோடு வெளியிட்ட சுயசரிதையிலிருந்து வந்தவை. பங்குச் சந்தை மோசடி வழக்கிலே 1814இற் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டுக் கடற்படையினின்றும் நீக்கப்பட்டு, 1832இல் மீண்டும் ஏற்கப்பட்டவர் அவர். தம் பெயரை நிலைநிறுத்த முயலும் முதியவர் ஒருவரின் நூல் அது. அதனை முற்றும் தள்ளுதலும் தகாது, நாவலினும் ஐயமற்றதெனக் கொள்ளுதலும் தகாது. நாவலாசிரியரும் இவ்வகையிற் குறையற்றவரல்லர். ஐரிஷ்காரரென்று நெடுங்காலம் உலகம் நம்பிய ஓ'பிரையன், உண்மையில் இங்கிலாந்திற் பிறந்து, 1945இற் பெயரை மாற்றிக்கொண்டவர் என்பது அவரது முதுமையிலே பரவலாக வெளியாயிற்று.

இப்பின்னணியில் நோக்கும்போது, கதையில் வரும் லெப்டினன்ட் ஜேம்ஸ் டில்லன் என்னும் பாத்திரம் கருத்தைக் கவர்கின்றது. இவன் ஐரிஷ்காரன், 1798ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை நடத்திய ஐக்கிய ஐரிஷ்காரர் சங்கத்தோடு முன்னர்த் தொடர்புற்றவன். அக்கிளர்ச்சியை அடக்கிய அரசனின் சீருடையையே அணிந்து பணிபுரிகின்றான். தப்பியோடும் ஐரிஷ்காரரைத் தேடிப் பிடிக்குமாறு கட்டளை வரும்பொழுது அவன் படும் வேதனையே நாவலின் மிகச் சிறந்த பகுதி. அக்காலக் கடற்படையில் ஐரிஷ்காரர் பெருந்தொகையினராய் இருந்தனர். அவர்தம் உள்ளத்தில் நிகழ்ந்த போராட்டத்தைக் கப்பற் குறிப்பேடு பதிவதில்லை. அது காற்றின் திசையையும் பாய்களின் நிலையையும் பதிவது. ஆவணம் வாய்திறவாத இடத்தில் நாவலாசிரியர் பேசியது குற்றமன்று.

ஆனால் அவர் இழந்ததும் ஒன்றுண்டு. டில்லன் அப்போரிலேயே இறக்கின்றான். அவன் மனப்போராட்டமும் எளிதிலே முடிந்துவிடுகின்றது. உண்மையில் ஸ்பீடியின் லெப்டினன்டாயிருந்த பார்க்கர் இறக்கவில்லை. கடுங்காயமுற்று உயிர்பிழைத்தார். அவருக்குப் பதவியுயர்வு வழங்குமாறு கொக்ரேன் வேண்டியபோது, கடற்படைத் தலைமையில் இருந்த சென்ற் வின்சென்ற் பிரபு, ஸ்பீடியில் இறந்தோர் தொகை அதற்குப் போதாதென்று மறுத்தார். மூவர் இறந்தமை போதாதெனின், 1797இல் எப்போரின் பெயரால் அவர் பிரபுவானாரோ அப்போரிலே அவருடைய சொந்தக் கப்பலில் இறந்தவர் ஒருவரேயன்றோ என்று கொக்ரேன் எழுதினார். பார்க்கருக்கு அக்கடிதத்தால் நன்மை விளையவில்லை.