நியூரோசிஸ்

நரம்பு, தசைநாண், வில்லின் நாண் ஆகியவற்றைக் குறித்த ‘நியூரான்’ என்னும் கிரேக்கச் சொல்லோடு நிலையையோ நோயையோ சுட்டும் ‘ஓசிஸ்’ ஈறு சேர்ந்து அமைந்த இச்சொல்லை, ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் கல்லன் 1769இல், காய்ச்சலோ குறிப்பிட்ட உறுப்பின் கேடோ இன்றித் தோன்றும் உணர்வு, இயக்கக் கோளாறுகளின் பொதுப்பெயராக ஆண்டார். (யாழின் தந்திக்கும் உடலின் நாணுக்கும் ‘நரம்பு’ என்ற ஒரே சொல்லைக் கொண்ட தமிழருக்குக் கிரேக்கரின் இப்பொருள் விரிவு வியப்பளிக்காது.)

உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃபிராய்டு இதனை நனவிலி மன மோதலின் விளைவாக விளக்கியதால், பெயரில் எஞ்சிய நரம்பு பொருளிலிருந்து பெரிதும் அகன்றது. உளப்பகுப்பாய்வாளர் கரேன் ஹார்னியோ, பகை சூழ்ந்ததாகத் தோன்றும் உலகில் தான் தனித்தும் வலுவற்றும் இருப்பதாகக் குழந்தை உணரும் ‘அடிப்படைப் பதற்றத்தை’ இதன் வேராகக் கொண்டு, அதைத் தணிக்க எழும் பத்துத் தேவைகளை 1942இல் வகுத்தார். பிறர் அன்பு, அதிகாரம், பாராட்டு, குறையற்ற நிறைவு முதலிய அவை எவருக்கும் உள்ள விருப்பங்களே எனினும், ஆளும் சூழலும் பாராமல், நிறைவேறாதபோது பெரும் பதற்றம் மூளும்படி கட்டாயமாகும்போதே நியூரோசிஸின் தேவைகளாகின்றன. ஹார்னியின் சிறப்பு இவ்வேறுபாட்டிலேயே உள்ளது. ஆயினும், 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேடு இச்சொல்லைத் தனி நோய்வகை என்னும் நிலையிலிருந்து விலக்கியது.