அபினிலிருந்து அன்றே வீடு திரும்பும் வரை



மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது கட்டடம், பாலம் பற்றி ஏதாவது. நான் எழுதுவதோ மயக்க மருந்தின் கதை. காரணம் இருக்கிறது.

போன வருஷம் அண்ணாகிராமத்தில் இருக்கும் என் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். "காலையில் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். சாயங்காலம் அவரால் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. மூன்று முறை வாந்தி. "தையல் போட்ட இடம்கூட வலிக்கலப்பா, இந்தக் குமட்டல்தான் தாங்க முடியல" என்றார். ராத்திரி அங்கேயே தங்கினோம். மயக்க டாக்டரைக் கேட்டேன். "வலிக்குக் கொடுத்த ஊசி சிலருக்கு இப்படிப் பண்ணும். அபின் குடும்பத்து மருந்து" என்றார்.

அபினா! அன்று தொடங்கிய தேடல்தான் இந்தக் கட்டுரை.

அபினுக்கும் நம் கடலூருக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. தேவனாம்பட்டினம் புனித டேவிட் கோட்டைக்கு 1756-ல் ஆளுநராக வந்த ராபர்ட் கிளைவ், தீராத வயிற்று வலிக்கு அபினை நம்பியவர். 1774-ல் இறக்கும்வரை அது அவரை விடவில்லை. நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசா அந்தச் செடியின் விதைதான். ஆனால் போதை இருப்பது விதையில் அல்ல, பச்சைக் காயைக் கீறினால் வடியும் பாலில்.

அந்தப் பாலிலிருந்து 1805-ஐ ஒட்டி மார்ஃபினைப் பிரித்தெடுத்தவர் ஜெர்மனியின் செர்ட்யூர்னர். 1846-ல் பாஸ்டனில் ஈதர் கொடுத்து ஆபரேஷன் செய்து காட்டினார்கள். அடுத்த ஆண்டே அது கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. 1850-களில் ஊசி வந்ததும் மார்ஃபின் அறுவை அரங்குக்குள் நுழைந்தது. அப்போதெல்லாம் நோயாளி நாள்கணக்கில் படுக்கையில் கிடப்பார். தூக்கக் கலக்கமோ குமட்டலோ யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை.

கணக்கு மாறியது 1909-ல். கிளாஸ்கோ நகரின் ஜேம்ஸ் நிக்கோல் என்ற சர்ஜன், 8,988 குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்து அன்றன்றே வீட்டுக்கு அனுப்பியதாக அறிவித்தார். 1970-ல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் இதற்கென்றே தனி மையம் திறந்தார்கள். இனி, ஆபரேஷன் முடிந்தால் மட்டும் போதாது. சாயங்காலம் நோயாளி தெளிவாக எழுந்து நடக்க வேண்டும்.

1960-ல் பெல்ஜியத்தின் பால் ஜான்சன் ஃபென்டனில் என்ற மருந்தை உருவாக்கினார். மார்ஃபினைவிடப் பல மடங்கு வீரியம். சிறு அளவில் கொடுத்தால் சீக்கிரம் வேலை செய்து சீக்கிரம் இறங்கும். அன்றே வீடு திரும்புவோருக்கு வசதிதான். ஆனாலும் குடும்ப குணம் போகவில்லை. மூளையில் வாந்தியைத் தூண்டும், குடலை மந்தமாக்கும், அளவு மீறினால் மூச்சையே அடக்கும். வாந்தி யாருக்கு வரும் என்று 1999-ல் ஆஃபெல் என்பவர் நான்கு குறிகளைச் சொன்னார்: பெண்ணாக இருத்தல், புகை பிடிக்காமை, பயணத்திலோ முந்தைய ஆபரேஷனிலோ வாந்தி எடுத்த அனுபவம், ஆபரேஷனுக்குப் பின் அபின் வகை மருந்து. நான்கும் இருந்தால் 100-ல் சுமார் 80 பேருக்கு வாந்தி வரும். ஒன்றுமே இல்லாவிட்டால் சுமார் 10 பேருக்கு.

இதற்கு வழி? எங்கள் பொறியியல் பாஷையில் சொன்னால், முழுப் பாரத்தையும் ஒரே தூணில் ஏற்றாதே. 1926-லேயே லண்டி என்ற அமெரிக்க மருத்துவர் 'சமநிலை மயக்கம்' என்று இதைச் சொல்லிவிட்டார். இன்று வெட்டும் இடத்தை மரத்துப்போகச் செய்யும் ஊசி, பாராசிட்டமால், வீக்கம் குறைக்கும் மருந்து எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் பாரம் தாங்குகின்றன. அபின் வகை, தேவைப்படும் அளவுக்கு மட்டும்.

அதற்காக அதை ஒரேயடியாக ஒதுக்கவும் கூடாது. நம் நாட்டில் 1985-ல் போதைப்பொருள் சட்டம் வந்தபின் உரிமங்களுக்கு அலைய முடியாமல் பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வாங்குவதையே விட்டன. கசகசா வயல்கள் உள்ள நாட்டிலேயே புற்றுநோயாளிகள் வலியில் துடித்தார்கள். 2014-ல் சட்டத்தைத் திருத்தி, உரிம முறையை எளிதாக்கினார்கள். மிஞ்சினாலும் கஷ்டம், மறுத்தாலும் கஷ்டம்.

இந்த வருஷம் அப்பாவுக்கு மறுபக்கமும் ஆபரேஷன். இந்த முறை முதலிலேயே, "போன தடவை ரொம்ப வாந்தி, டாக்டர்" என்று சொன்னோம். அவர் இடுப்பில் மரத்துப்போகும் ஊசி போட்டு, மற்றதைக் குறைத்துக்கொண்டார். மாலை ஆறு மணிக்கு அப்பா காரில் ஏறிவிட்டார். "ரெண்டு இட்லி கிடைக்குமாப்பா?" என்றார். ஒருவர் அனுபவம் எல்லோருக்கும் சட்டமாகாதுதான். ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நண்பர்களே, நம்மில் பலர் பெற்றோரை ஆபரேஷனுக்கு அழைத்துப்போகும் வயதுக்கு வந்துவிட்டோம். தம்பி தங்கைகளே, நாளை உங்களுக்கும் அந்த முறை வரும். சர்ஜனிடம் ஆயிரம் கேட்கிறோம். மயக்க டாக்டரிடமும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேசுங்கள். முன்பு வாந்தி வந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், தூக்கத்தில் மூச்சுத் திணறுமா, எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த சந்திப்பில் பாலம் பற்றி எழுதுகிறேன்!