சிப்ரி (ஸ்டாக்ஹோம் பன்னாட்டு அமைதி ஆய்வு நிறுவனம்)

சிப்ரி என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் ஸ்டாக்ஹோம் பன்னாட்டு அமைதி ஆய்வு நிறுவனம், சுவீடன் தலைநகரை ஒட்டிய சோல்னாவில் இயங்கும் தன்னாட்சி ஆய்வு அமைப்பு. 1966 ஜூலை 1 அன்று நிறுவப்பட்டது. ஆயுத மோதல், ராணுவச் செலவு, ஆயுத வணிகம், ஆயுதக் கட்டுப்பாடு, அமைதிகாப்பு ஆகியவை இதன் ஆய்வுத் துறைகள். எந்த அரசின் ரகசியக் கோப்பையும் நாடாமல், எவரும் தேடிப் படிக்கக்கூடிய ஆவணங்களைக் கொண்டே உலகின் ஆயுதக் கணக்கை எழுதுவது இதன் தனித்தன்மை. உலக நாடுகளின் ராணுவச் செலவு பற்றி ஆண்டுதோறும் நாளிதழ்களில் வரும் வரிசைப் பட்டியல் பெரும்பாலும் இந்நிறுவனம் தருவதே.

முன்னோடிகள்

ஆயுதங்களைப் பொதுவெளியில் கணக்கெடுக்கும் முதல் பெரிய முயற்சி முதல் உலகப்போருக்குப் பின் ஜெனீவாவில் நடந்தது. நாடுகளின் சங்கம் 1924 முதல் ஆயுத ஆண்டு நூல் ஒன்றை வெளியிட்டது. ஆயுதங்களின் ஏற்றுமதி, இறக்குமதி குறித்த புள்ளிவிவரத் தொகுப்பும் அதே காலத்தில் தனியாக வந்தது. இரண்டும் உழைத்துச் செய்யப்பட்ட நூல்கள். ஆனால் அரசுகள் வெளியிட்ட கணக்கைத் தாண்டி அவற்றால் போக முடியவில்லை. 1933க்குப் பின் ஜெர்மனி 'மெஃபோ' என்ற பெயரளவிலான நிறுவனத்தின் கடன்சீட்டுகளைக் கொண்டு ஆயுதத் தொழிற்சாலைகளுக்குப் பணம் கொடுத்தது. அந்தச் செலவு வரவு செலவுத் திட்டத்தில் ஏறவே இல்லை. கணக்கு கொடுப்பவனையே நம்பி எழுதும் கணக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அந்தப் பத்தாண்டு காட்டியது.

தனிமனிதராக இத்துறையில் உழைத்தவர்களுள் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சனுக்கு முதலிடம் தரவேண்டும். குவேக்கர் சமயத்தவரான இந்த ஆங்கிலேயர் முதல் உலகப்போரில் துப்பாக்கி தூக்க மறுத்து, பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். வானிலையைக் கணிதத்தால் முன்கூட்டிச் சொல்லும் முறைக்கு அடித்தளமிட்டவர் அவரே. பணியாற்றிய வானிலை அலுவலகம் 1920இல் விமானப்படை அமைச்சகத்தின் கீழ் வந்ததும் வேலையை விட்டார். அதன் பிறகு 1820 முதல் நடந்த உயிர்ப்பலிச் சச்சரவுகளையெல்லாம், தெருச்சண்டைக் கொலையிலிருந்து உலகப்போர் வரை, மடக்கை அளவில் ஒரே ஏணியில் ஏற்றினார். ஆயிரம் பேர் இறந்தால் அளவு 3, பத்து லட்சம் பேர் இறந்தால் 6. 1953இல் அவர் இறந்தார். அந்தத் தொகுப்பு நூலாக அச்சேறியது 1960இல்தான். நிலநடுக்கத்தை அளப்பதுபோல் போரையும் அளக்கலாம் என்ற எண்ணம் ஆய்வுலகில் வேர்பிடித்ததில் அவருடைய பங்கு பெரிது.

ஸ்காண்டிநேவியாவில் அமைதி ஆய்வுக்கு முதலில் இடம் கொடுத்தது நார்வே. யோஹான் கால்டுங் 1959இல் ஆஸ்லோவில் தொடங்கிய அமைதி ஆய்வு நிறுவனம் சிப்ரிக்கு அண்ணன் முறை. கால்டுங் தம் இளமையில், மெய்யியலாளர் ஆர்னே நேஸுடன் சேர்ந்து காந்தியின் அரசியல் அறம் குறித்து நூல் எழுதியவர் (1955). போரின்மை வேறு, நீதியுள்ள அமைதி வேறு என்று பிரித்துக் காட்டியவரும் அவர்தான். ஆஸ்லோ கருத்தாக்கத்தில் இறங்கியது, ஸ்டாக்ஹோம் எண்ணிக்கையில் இறங்கியது. ஸ்டாக்ஹோமின் வழி அன்றைய தேவைக்கு நெருக்கமாக இருந்தது. ஜெனீவாவில் ஆயுதக் குறைப்புப் பேச்சில் உட்கார்ந்திருந்த சிறிய நாடுகளின் தூதர்களுக்கு, வல்லரசுகள் சொல்லும் எண்ணைச் சரிபார்க்க வேறு எண் எதுவும் கையில் இல்லை.

தோற்றம்

1814இல் நார்வேயுடன் நடந்த குறுகிய போருக்குப் பின் சுவீடன் எந்தப் போரிலும் இறங்கவில்லை. அந்த அமைதியின் 150ஆம் ஆண்டை நினைவுகூர அமைதி ஆய்வு நிறுவனம் ஒன்று அமைக்கலாம் என்று 1964இல் பிரதமர் டாகே எர்லாண்டர் முன்மொழிந்தார். சிலை வைக்கலாம், மண்டபம் கட்டலாம் என்றில்லாமல் ஆய்வகம் வேண்டும் என்று தோன்றியது எர்லாண்டரின் பெருமை. திட்டத்தை வகுக்க அமைந்த அரசு ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவர் ஆல்வா மிர்தால்.

ஆல்வா மிர்தால் 1955 முதல் 1961 வரை இந்தியாவுக்கான சுவீடன் தூதராக டெல்லியில் இருந்தவர். 1962 முதல் ஜெனீவா ஆயுதக் குறைப்பு மாநாட்டில் தம் நாட்டுக் குழுவை நடத்தினார். அவருடைய சொந்த நாட்டிலேயே அக்காலத்தில் அணுகுண்டு செய்யலாமா என்ற விவாதம் சூடாக நடந்துகொண்டிருந்தது. ராணுவ ஆய்வகத்தில் அதற்கான வேலைகளும் நடந்தன. 1968இல் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு சுவீடன் அந்த வழியை விட்டது. குண்டு செய்யும் திறன் இருந்தும் செய்யாமல் விட்ட நாட்டில் சிப்ரி பிறந்தது என்பதை இந்நிறுவனம் பற்றிய குறிப்புகள் பலவும் சொல்லாமல் தாண்டிவிடுகின்றன.

ஆணையத்தின் அறிக்கை 1966இல் வந்தது. அரசுத் துறையாக அல்லாமல் தன்னாட்சி அறக்கட்டளையாக நிறுவனத்தை அமைக்க நாடாளுமன்றம் முடிவு செய்தது. ஆட்சிக்குழுவின் முதல் தலைவர் ஆல்வா. 1967இல் அவர் அமைச்சரானதும் அப்பொறுப்பு கணவர் குன்னார் மிர்தாலுக்குப் போனது. தென்னாசிய வறுமையை ஆராய்ந்த 'ஆசிய நாடகம்' என்ற பெருநூலின் ஆசிரியர் அவர். 1974இல் குன்னாருக்குப் பொருளாதார நோபல் பரிசும், 1982இல் மெக்சிகோவின் அல்ஃபோன்சோ கார்சியா ரோபிளஸுடன் சேர்த்து ஆல்வாவுக்கு அமைதி நோபல் பரிசும் கிடைத்தன.

செலவில் கணிசமான பங்கை இன்றும் சுவீடன் அரசின் ஆண்டு மானியம் தாங்குகிறது. ஒரு அரசின் பணத்தில் நடப்பது எப்படித் தன்னாட்சி ஆகும் என்ற கேள்வி தொடக்கத்திலிருந்தே உண்டு. இயக்குநர் பதவியும் ஆட்சிக்குழு இடங்களும் பல நாட்டவருக்குத் திறந்திருக்கின்றன. வெளியீடுகளில் சொல்லப்படும் கருத்துக்கு ஆட்சிக்குழு பொறுப்பேற்பதில்லை. ஆயுதம் ஏற்றுமதி செய்யும் நாடான சுவீடனின் விற்பனையும் மற்ற நாடுகளின் விற்பனைபோலவே பதிவேட்டில் ஏறுகிறது. 1986இல் இந்தியா சுவீடனின் போஃபர்ஸ் நிறுவனத்திடம் வாங்க ஒப்பந்தம் செய்த 410 பீரங்கிகள் ஓர் எடுத்துக்காட்டு.

முதல் பதினைந்து ஆண்டுகள்

முதல் இயக்குநர் ராபர்ட் நீல்ட், பிரிட்டிஷ் பொருளியலாளர். ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தில் குன்னார் மிர்தாலின் கீழ் வேலை பார்த்தவர். அடுத்து 1971இல் வந்த ஃபிராங்க் பார்னபி இயற்பியலாளர். பிரிட்டனின் அணுகுண்டு ஆய்வகமான ஆல்டர்மாஸ்டனில் பணியாற்றிவிட்டு ஆயுத எதிர்ப்புப் பக்கம் வந்தவர். பொருளியலாளரின் கணக்கு ஒழுங்கும், குண்டின் உள்ளறிந்தவரின் கூர்மையும் அடுத்தடுத்து வாய்த்தது நிறுவனத்துக்கு நல்ல தொடக்கம்.

1969இல் முதல் ஆண்டு நூல் வெளிவந்தது. 1968/69க்கான உலக ஆயுத நிலையும் ஆயுதக் குறைப்பு முயற்சிகளும் அதில் இருந்தன. அன்றிலிருந்து இந்தத் தொடர் வந்துகொண்டிருக்கிறது. 1971இல் மூன்றாம் உலக நாடுகளுடனான ஆயுத வணிகம் பற்றிய பெருநூல் வெளியானது. யார் யாருக்கு எந்த விமானத்தை, எந்தக் கப்பலை, எப்போது கொடுத்தார்கள் என்பது அதில் நாடுவாரியாக இருந்தது. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் குடிமக்கள் தங்கள் அரசு வாங்கிய ஆயுதங்களை வெளியார் எழுதிய புத்தகத்திலிருந்து தெரிந்துகொள்ளும் நிலை அப்போது பரவலாக இருந்தது.

அதே 1971இல் தொடங்கி 1975 வரை ஆறு தொகுதிகளாக வந்த வேதியியல், உயிரியல் போர்முறை ஆய்வு, சிப்ரியின் உழைப்பில் தலைசிறந்தது எனத் தயங்காமல் சொல்லலாம். வியட்நாம் காடுகளில் அமெரிக்கா களைக்கொல்லிகளைத் தெளித்த ஆண்டுகளை ஒட்டி வந்த ஆய்வு அது. நச்சுவாயுவின் வரலாறு, தயாரிப்பு, சட்டம், சோதித்தறியும் வழி எல்லாம் அதில் சேர்ந்தன. உயிரியல் ஆயுத ஒப்பந்தம் 1972இல் கையெழுத்துக்கு வந்து 1975இல் நடைமுறையானது.

திறந்த ஆவணங்களைப் படிப்பதும் குற்றமாகலாம் என்பதை 1981 காட்டியது. ஓவன் வில்க்ஸ் என்ற நியூசிலாந்து ஆய்வாளர் ஆஸ்லோ அமைதி ஆய்வு நிறுவனத்திலும் பின்னர் சிப்ரியிலும் பணியாற்றியவர். தொலைபேசிக் கையேடு போன்ற பொது ஆவணங்களையும் கண்ணுக்குத் தெரிந்த ஆண்டெனாக்களையும் கொண்டு நார்வேயின் ஒட்டுக்கேட்பு நிலையங்களைப் பற்றி எழுதியதற்காக அவரும் சக ஆய்வாளர் நில்ஸ் பெட்டர் கிளெடிட்சும் நார்வேயில் தண்டிக்கப்பட்டனர். சுவீடனில் சைக்கிளில் சுற்றி ராணுவ நிலையங்களைப் பற்றிய குறிப்புகளும் படங்களும் சேர்த்ததற்காக வில்க்ஸ் அங்கும் கைதாகி, தண்டனை பெற்று, நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். சாலையில் போகிறவர் எவரும் பார்க்கக்கூடியதை வரிசைப்படுத்தி எழுதினால் அது உளவு ஆகிவிடும் என்ற வாதம் இத்துறையின் அடிப்படையையே அசைப்பது. அத்தீர்ப்புகள் தவறானவை.

எண்ணும் முறை

ஆயுத வணிகத்தைப் பணத்தால் அளக்க முடியாது. சிலர் கடனுக்கு வாங்குகிறார்கள், சிலர் பண்டமாற்றாக வாங்குகிறார்கள், சிலருக்கு நன்கொடையாகவே கிடைக்கிறது. எனவே சிப்ரி போக்குக் குறியீட்டு மதிப்பு என்றொரு அலகை வைத்திருக்கிறது. உற்பத்திச் செலவு தெரிந்த சில ஆயுதங்களை உரைகல்லாக வைத்துக்கொண்டு, எடை, வேகம், பாயும் தொலைவு, மின்னணுக் கருவிகள், தயாரான ஆண்டு ஆகியவற்றை ஒப்பிட்டு மற்றவற்றுக்கு மதிப்பு தருகிறார்கள். பயன்படுத்திய ஆயுதத்துக்குப் புதியதன் மதிப்பில் 40 விழுக்காடு, பெரிய அளவில் புதுப்பித்ததற்கு 66 விழுக்காடு. ஒப்பந்தம் போட்ட நாளில் எண்ணுவதில்லை, பொருள் கைக்கு வந்த நாளில்தான் எண்ணுகிறார்கள்.

இந்தியக் கடற்படையின் விக்கிரமாதித்தியா விமானந்தாங்கிக் கப்பலை எடுத்துக்கொள்ளலாம். பழைய கப்பலைப் புதுப்பித்துத் தர 2004இல் ரஷ்யாவுடன் பேசிய விலை 97.4 கோடி டாலர். புதுப்பிக்கும் வேலை இழுத்துக்கொண்டே போய் 2010இல் விலை 235 கோடி டாலராக ஏறியது. கப்பல் ஒப்படைக்கப்பட்டது 2013இல். விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியதால் கப்பலின் போர்த்திறன் இரண்டு மடங்காகவில்லை. சிப்ரி அளப்பது அந்தத் திறனைத்தான், ரசீதை அல்ல. ஓர் ஆண்டில் பெரிய கப்பல் ஒன்று வந்தால் எண் எகிறிவிடும் என்பதால் ஐந்தாண்டுச் சராசரியாகவே ஒப்பிடச் சொல்கிறார்கள். இதை மறந்து குறியீட்டு மதிப்பை டாலர் என்று எழுதிவிடும் செய்திகள் இன்றும் வருகின்றன.

பெரிய ஆயுதங்கள் மட்டுமே இந்தக் கணக்கில் வரும். பீரங்கி என்றால் வாய் விட்டம் 100 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருக்கவேண்டும். துப்பாக்கியும் கையெறி குண்டும் இல்லை. உள்நாட்டுப் போர்களில் மிகப் பலரைக் கொல்வது சிறு ஆயுதங்களே என்பதால் இது பெரிய இடைவெளிதான். ஆனால் துப்பாக்கி நடமாட்டத்துக்கு நம்பத்தக்க பொது ஆவணம் உலகளவில் இல்லாதவரை, ஊகத்தை எண்ணாக்காமல் விட்டதே சரி.

ராணுவச் செலவுக் கணக்கில் சிக்கல் வேறு விதம். ஓய்வூதியம், ராணுவ ஆராய்ச்சி, கட்டுமானம், போருக்குப் பயிற்சி பெற்ற துணைப்படைகள் எல்லாம் அதில் சேரும். இந்தியாவுக்கு எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை, அசாம் ரைஃபிள்ஸ் போன்றவற்றின் செலவும் சேர்கிறது. இந்தியாவின் அணு ஆயுதச் செலவு சேர்வதில்லை. சீனா 2024க்கு அறிவித்த பாதுகாப்புச் செலவு ஏறத்தாழ 23,000 கோடி டாலர். சிப்ரியின் மதிப்பீடு 31,400 கோடி டாலர். சந்தை மாற்று விகிதத்தில் கணக்கிட்டால் ஊதியம் குறைந்த நாடுகளின் படை சிறிதாகத் தெரிகிறது என்று ஒரு சாரார் சொல்வதுண்டு. எனினும் வாங்கும் திறனை ஒட்டிய விகிதம் காய்கறி, வாடகை விலையிலிருந்து வருவது. அதைக் கொண்டு நீர்மூழ்கிக் கப்பலை அளப்பது பொருந்தாது. சந்தை விகிதமே ஏற்றது.

அமைதிகாப்பு

பல நாடுகள் சேர்ந்து நடத்தும் அமைதி நடவடிக்கைகளுக்குத் தனித் தரவுத்தொகுப்பு உண்டு. இது 2000 முதலான விவரங்களைத் தருகிறது. 1949 முதல் காஷ்மீரில் இருந்துவரும் ஐ.நா. பார்வையாளர் குழு இதில் வரும். இலங்கையில் 2002 போர்நிறுத்தத்தை ஒட்டி நார்வே தலைமையில் நார்டிக் நாடுகள் நடத்திய கண்காணிப்புக் குழுவும் ஆண்டு நூல் அட்டவணையில் இடம்பெற்றது. ஆயுதம் ஏந்தாத குழு அது. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்ததும் ஒன்றிய உறுப்பினர்களான சுவீடன், பின்லாந்து, டென்மார்க் நாட்டினர் வெளியேறினர். நார்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் 2008 ஜனவரி வரை இருந்தன. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படை காலத்தால் முந்தியது, ஒரே நாட்டின் படை. எனவே இத்தொகுப்பில் இல்லை.

போர்களில் இறந்தோர் கணக்குக்கு ஆண்டு நூல் நெடுங்காலம் உப்சாலா பல்கலைக்கழகத்தின் மோதல் தரவுத் திட்டத்தைச் சார்ந்திருந்தது. ஓர் ஆண்டில் மோதலில் 25 பேர் இறந்தால் ஆயுத மோதல், 1000 பேர் இறந்தால் போர் என்பது அத்திட்டத்தின் வரையறை.

இன்றைய நிலை

2015 முதல் இயக்குநராக இருந்த டான் ஸ்மித்துக்குப் பின் 2025இல் எகிப்தைச் சேர்ந்த கரீம் ஹக்காக் பொறுப்பேற்றார். ஆட்சிக்குழுத் தலைவர் சுவீடனின் முன்னாள் பிரதமர் ஸ்டெஃபான் லோஃப்வென். சிப்ரி கணக்குப்படி 2024இல் உலக ராணுவச் செலவு 2,71,800 கோடி டாலர். 2025 ஜனவரியில் உலகில் இருந்த அணு ஆயுதங்கள் 12,241. 2020–24 காலத்தில் ஆயுத இறக்குமதியில் உக்ரைன் முதலிடம், இந்தியா இரண்டாம் இடம். காலநிலையும் பாதுகாப்பும், செயற்கை நுண்ணறிவு ஆகிய துறைகளும் அண்மையில் சேர்ந்துள்ளன. நீண்ட அமைதியை நினைவுகூர இந்நிறுவனத்தை அமைத்த சுவீடனும் 2024 மார்ச் 7 அன்று நேட்டோ ராணுவக் கூட்டணியில் இணைந்தது. தரவுத்தொகுப்புகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.