கடலைப் பார்த்து நின்ற தெரு

தெலுக் ஆயர் என்றால் மலாயில் நீர் விரிகுடா. இன்றைக்கு அந்த எம்ஆர்டி நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தால் நீரும் இல்லை, விரிகுடாவும் இல்லை. கழுத்தில் அலுவலக அட்டை தொங்க மதியச் சாப்பாட்டுக்கு வரிசை பிடிக்கிற கூட்டம்தான் இருக்கிறது. ஆனால் 1820களில் இந்தத் தெருவின் ஒரு பக்கம் கட்டடங்கள், மறுபக்கம் கடல். கப்பலிலிருந்து படகுக்கு மாறி, படகிலிருந்து குதித்து, ஈரக்காலோடு நடந்தால் மிதிப்பது இந்தத் தெருவைத்தான்.

அப்படி வந்தவர்கள் இங்கே முதலில் எழுப்பியவற்றில் கிடங்கும் கடையும் மட்டும் இல்லை. சில நிமிட நடைக்குள் மூன்று வழிபாட்டிடங்கள் வரிசையாக நிற்கின்றன. தமிழ் முஸ்லிம்கள் 1827 வாக்கில் ஒரு குடிசையில் தொழ ஆரம்பித்தார்கள். அதுதான் இப்போதைய அல் அப்ரார் பள்ளிவாசல். கல் கட்டடமாகிப் பல காலம் ஆன பின்னும் ‘குச்சுப் பள்ளி’ என்ற பெயர் போகவில்லை. நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டது. மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் கட்டக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அரசாங்கம் அந்த நிலத்தைக் கொடுத்தது. ஹொக்கியன் சீனர்களின் தியான் ஹோக் கெங் 1839இல் தொடங்கி 1842இல் முடிந்தது. அங்கே நடுவில் இருப்பவள் மாச்சோ, கடல் தெய்வம்.

பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தர்காவையும் சீனக் கோயிலையும் ‘மத நல்லிணக்கம்’ என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். சுற்றுலாக் கையேடுக்கு அது போதும். எனக்கு என்னவோ அந்த இரண்டு கட்டடங்களும் நல்லிணக்கத்துக்காகக் கட்டப்பட்ட மாதிரி தெரியவில்லை. இரண்டையும் கட்ட வைத்தது ஒரே பயம்.

நாகூர் தர்கா என்று பெயர் இருந்தாலும் இங்கே யாரும் அடக்கமாகியிருக்கவில்லை. ஷாகுல் ஹமீது பாதுஷா 1570இல் மறைந்தார். அவருடைய அடக்கத்தலம் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் நாகூரில் இருக்கிறது. பினாங்கு சூலியா ஸ்திரீட்டில் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று என்று அவருடைய நினைவை மட்டும் கடல்கடந்து எடுத்து வந்தார்கள். ஏன் அவரை? ஏனென்றால் அவர் கப்பல் காப்பவர். கதை இதுதான். மகான் நாவிதரிடம் சவரம் செய்துகொண்டிருக்கிறார். நடுக்கடலில் ஒரு டச்சுக் கப்பலில் ஓட்டை விழுகிறது. உள்ளே இருப்பவர்கள் கதறுகிறார்கள். இவர் கையிலிருந்த கண்ணாடியைத் தூக்கி எறிகிறார். அது போய் ஓட்டையை அடைத்துக்கொள்கிறது.

வரலாற்றுக் கணக்குப் பார்த்தால் இது இடிக்கும். முதல் டச்சுக் கப்பல்களே 1595இல்தான் ஆசியாவை நோக்கிக் கிளம்பின. பாதுஷா மறைந்து இருபத்தைந்து வருஷம் கழித்து! ஆனால் இந்தப் பிழையே ஒரு தகவல். பின்னால் நாகப்பட்டினம் டச்சுக்காரர்கள் கைக்குப் போனது. அந்தக் கரை மக்கள் தினம் பார்த்த பெரிய கப்பல் டச்சுக் கப்பல்தான். அதனால் பழைய மகானின் கதைக்குள் புதிய கப்பல் நுழைந்திருக்கலாம். பயம் புதுசாகும்போது கதையும் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது.

இப்போது மாச்சோவின் கதைக்கு வருவோம். பத்தாம் நூற்றாண்டில் புஜியன் கரையோரம், மெய்சோ தீவில் வாழ்ந்த பெண் என்கிறார்கள். அவள் வீட்டில் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருக்கிறாள். தந்தையும் சகோதரர்களும் கடலில் புயலில் மாட்டிக்கொள்கிறார்கள். அவள் தறியிலேயே மயங்கிச் சாய்ந்து, அந்த நிலையிலேயே போய் அவர்களைக் கரை சேர்க்கிறாள். முடிவில் யார் பிழைத்தார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும். தறி மட்டும் மாறுவதில்லை.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் சவரம் செய்துகொண்டிருக்கிறார், ஒருத்தி துணி நெய்கிறாள். இரண்டு பேரும் கரையில், வீட்டு வேலையில் இருக்கிறார்கள். புயலை அதட்டி நிறுத்தும் வீரச்செயல் எதுவும் இல்லை. எங்கோ கரையில் அன்றாட வேலையில் இருக்கும் ஒருவருக்கு, கடலில் இருப்பவனின் கஷ்டம் தெரிந்துவிடுகிறது. நாகூர்க்காரனும் புஜியன்காரனும் பேசிவைத்துக்கொண்டு இதை உருவாக்கியிருக்க முடியாது. கப்பலில் இருப்பவனுக்கு உயிர் பயத்துக்கு அடுத்த பயம் என்ன? செத்தால்கூட ஊருக்குத் தெரியாதே என்பது. தந்தி இல்லாத காலம். பருவக்காற்று தவறினால் மாதக்கணக்கில் ஒரு சேதியும் இருக்காது. ‘உனக்கு நடப்பது அங்கே ஒருத்தருக்குத் தெரியும்’ என்பதுதான் இரண்டு கதைகளும் தருகிற ஆறுதல்.

இந்த இடத்தில் ஒரு சங்கடமான கேள்வி வரும். பழைய கிரேக்கத்தில் டயகோரஸ் என்ற நாத்திகரிடம், புயலில் பிழைத்தவர்கள் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்த படங்களைக் காட்டி, ‘இப்போதாவது நம்புகிறாயா?’ என்று கேட்டார்களாம். மூழ்கியவர்களின் படங்கள் எங்கே என்று அவர் திருப்பிக் கேட்டாராம். ரோம எழுத்தாளர் சிசரோ சொல்லும் கதை இது. பொறியியல் படித்த எனக்கு இந்தக் கேள்வி சட்டென்று பிடிக்கும். உடைந்த பாலங்களை விட்டுவிட்டு நிற்கிற பாலங்களை மட்டும் எண்ணினால் கணக்குத் தப்பாகத்தான் வரும். தெலுக் ஆயரும் அப்படித்தான். கரை சேர்ந்தவர்கள் கட்டிய தெரு அது. மூழ்கியவர்களும் அதே பாதுஷாவை, அதே மாச்சோவைத்தான் கூப்பிட்டிருப்பார்கள். அவர்கள் கட்டிய தர்கா எங்கும் இல்லை.

சரி, அப்படியானால் அந்த ஆறுதல் பொய்யா? டயகோரஸின் கேள்வி ஒன்றை மட்டுமே அளக்கிறது: வேண்டினால் கப்பல் தப்புமா? அதற்கு அந்தக் கட்டடங்கள் சாட்சி சொல்ல முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேண்டியவர்களுக்கு அது ஒன்று மட்டும் தேவைப்படவில்லை. கப்பல் ஏறுவதற்கு முன்னால் ஒரு துணிச்சல் வேண்டும். ஆட்டத்தில் குடல் புரளும்போது வாயில் சொல்ல ஒரு பெயர் வேண்டும். இறங்கியதும் அழுவதற்கு ஓர் இடம் வேண்டும். தனக்கு மேலே ஒன்று இருக்கிறது என்ற நினைப்பு இவ்வளவையும் கொடுத்தது. நேர்ச்சை என்பது கடவுளோடு செய்யும் பேரம் என்று கேலி செய்வது சுலபம். ஆனால் நேர்ச்சை வைத்தவன் ‘நான் கரை சேர்வேன், சேர்ந்து இதைச் செய்வேன்’ என்று தன் எதிர்காலத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்கிறான். நடுக்கடலில் அந்த வாக்கியத்தைச் சொல்ல முடிவதே பெரிய விஷயம்.

இறைவனிடம் மட்டுமே கேட்க வேண்டும், மகான்களிடம் கேட்கலாமா என்ற விவாதம் முஸ்லிம்களுக்குள் நெடுநாளாக இருக்கிறது. அதில் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நான் இல்லை. அந்தக் கரையின் பயம் மட்டும் மதம் பார்க்கவில்லை. நாகூர் தர்காவின் ஆக உயரமான மினாராவை எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங், ஓர் இந்து. கொஞ்சம் தெற்கே போனால் வேளாங்கண்ணி. அங்கே புயலில் பிழைத்த போர்த்துக்கீசிய மாலுமிகள் மாதாவுக்குக் கோயில் கட்டிய கதையைச் சொல்வார்கள்.

பிறகு கடலே போய்விட்டது. 1880களில் மவுண்ட் வாலிச் குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொட்டி விரிகுடாவைத் தூர்த்தார்கள். ராபின்சன் ரோடு அந்த மண்ணின் மேல்தான் ஓடுகிறது. நாகப்பட்டினத்திலிருந்து ஆட்களைச் சுமந்து வந்த ரஜூலா 1970களில் ஓய்ந்தது. அதற்குப் பதிலாக வந்த சிதம்பரம் கப்பல் 1985இல் தீப்பிடித்தது. இன்றைக்குத் திருச்சியிலிருந்து விமானம் ஏறினால் நாலு மணி நேரத்தில் சாங்கி. இங்கே தர்காவும் சீனக் கோயிலும் தேசிய நினைவுச்சின்னங்கள். தர்கா 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குகிறது. 

கடல் பயம் காட்சிப் பெட்டிக்குள் போய்விட்டது. கடல்கடந்து வருகிறவனின் பயம் போகவில்லை. நான் வேலை பார்க்கும் சைட்டில் ஹெல்மெட்டுக்கு உள்பக்கம் சாமி படம் ஒட்டி வைத்திருக்கும் ஊழியர்கள் உண்டு. முருகன், மாதா, பச்சைத் துணியில் சுற்றிய தாயத்து. அவர்களுடைய புயல் வேறு: ஏஜெண்டுக்குக் கட்டிய பணம், பெர்மிட் புதுப்பிப்பு, பத்தாவது மாடிச் சாரம். வாட்ஸ்அப்பில் தினம் வீட்டோடு பேசுகிறார்கள், ஆனால் இந்தப் பயத்தை மட்டும் வீட்டில் சொல்வதில்லை. ‘எல்லாம் நல்லாருக்கு’ என்றுதான் சொல்வார்கள். சொல்லாததைத் தெரிந்துகொள்ள ஒருவர் வேண்டும் அல்லவா? அந்த ஹெல்மெட்டுக்குள் இருப்பவரும் தெலுக் ஆயர்க் கரையில் பார்த்த அதே கண்ணாடிக்காரர்தான், அதே தறிக்காரிதான்.